கொட்டை விழுந்த இடம்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் கிளார்னோ என்ற இடத்துப் பாறைகளுக்குள் கல்லாகிப்போன கொட்டைகள் ஏராளமாகக் கிடக்கின்றன. சுமார் 4.4 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சேற்றில் புதைந்து, சிலிகா ஊறி இறுகியவை. அவற்றில் ஒன்று ஜக்லான்ஸ் கிளார்னென்சிஸ். வால்நட் பேரினத்தின் மிகப் பழைய கொட்டைகளுள் இதுவும் ஒன்று. அதே படிவில் வாழை விதைகளும் பனையும் கிடைத்திருக்கின்றன. வால்நட் என்றதும் நமக்குக் காஷ்மீரின் குளிர்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது ஒரு காலத்தில் வாழைக்குப் பக்கத்திலேயே வளர்ந்திருக்கிறது!

பழங்காலக் காடுகளை அறிய மகரந்தத்தைத்தான் அதிகம் ஆராய்கிறார்கள். வால்நட்டின் மகரந்தம் காற்றில் வெகுதூரம் போகும். அது கிடைத்த இடத்தில்தான் மரம் நின்றது என்று அடித்துச் சொல்ல முடியாது. கனத்த கொட்டை அப்படியல்ல. ஆறு உருட்டினாலும் அணில் தூக்கினாலும் தாய்மரத்தை விட்டு அதிக தூரம் போகாது. அதனால் கொட்டையின் சாட்சியத்தையே நான் பெரிதாக மதிப்பேன். ஓட்டின் வரிப்பள்ளங்களும் உள்ளறைகளும் எந்த வகை மரம் என்பதையும் காட்டிவிடும்.

அந்தச் சாட்சியம் எங்கெல்லாம் கிடைக்கிறது என்று பார்த்தால் வியப்புதான். கனடாவின் வடகோடியில் உள்ள பேங்க்ஸ் தீவில் இன்று தரையோடு படரும் குட்டை வில்லோவைத் தவிர மரமென்று சொல்ல ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் பல வாரங்கள் சூரியன் உதிக்காது. அங்கேதான் ஜக்லான்ஸ் இயோசினேரியா கொட்டைகள் கிடைத்தன. 1974இல் அவற்றுக்குப் பெயரிட்டார்கள். ஐரோப்பாவிலோ, இத்தாலியின் பெர்கமோ நகரின் பெயர் தாங்கிய ஜக்லான்ஸ் பெர்கோமென்சிஸ் பரவலாக இருந்தது. இரண்டுமே கிழக்கு வட அமெரிக்காவின் பட்டர்நட் மரத்துக்கு நெருங்கிய உறவு.

பனியுகங்கள் தொடங்கிய காலத்தில் ஐரோப்பிய உறவு அழிந்தது. அங்கே ஆல்ப்ஸும் பிரனீஸும் கிழக்கு மேற்காக நீண்டு, தெற்கே நகர வேண்டிய மரங்களை மறித்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வட அமெரிக்க மலைகள் வடக்கு தெற்காக ஓடுவதால் அங்கே வழி திறந்திருந்தது, பட்டர்நட் பிழைத்தது.

பனியைத் தாண்டிய அந்த மரத்தை இப்போது ஒரு பூஞ்சை கொல்கிறது. 1967இல் விஸ்கான்சினில் முதலில் பதிவான இந்தப் பட்டைப்புண் நோய்க்கு இதுவரை மருந்தில்லை. கனடா 2005இல் பட்டர்நட்டை அழியும் நிலையில் உள்ள மரமாக அறிவித்தது. நோயைத் தாங்கி நிற்கும் மரங்களைத் தேடிப்பிடித்து, அவற்றின் கொட்டைகளை முளைக்க வைக்கும் வேலை நடக்கிறது.