இறங்கும் இரண்டு கோடுகள்

தளவாய்புரம், முகவூர், செட்டியார்பட்டி வட்டாரத்தில் நைட்டித் துணி வெட்டுவது ஓரிடம், தைப்பது இன்னோரிடம். நடுவில் ஓடுவது பைக். பின்சீட்டில் பண்டலைக் கட்டிக்கொண்டு போகும் அந்த வண்டிகளில் பல, டியூ போட்டு எடுத்தவை. ஆர்.சி.யைப் பார்த்தால் உரிமையாளர் பெயரோடு கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரும் இருக்கும். அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஓர் அருமையான கணக்கு இருக்கிறது.

ஷோரூம் விலை ஒரு லட்சம், வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேர்த்து ஆன்ரோடு 1,20,000 என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 12,000 கட்டினால் மீதி 1,08,000 கடன். ஃபிளாட் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், 36 மாதம் என்றால் மாத டியூ 4,080. அசல் குறையக் குறைய வட்டி குறையாமல், முழுத் தொகைக்கும் மூன்று ஆண்டுக்குப் போடப்படுகிறது. குறையும் பாக்கிக்குக் கணக்குப் பார்த்தால் அது உண்மையில் 21 சதவீத வட்டி. முதல் டியூவில் சுமார் 1,900 ரூபாய் வட்டிக்கே போய்விடும். கடைசி டியூவில் வட்டி வெறும் 70 ரூபாய் சொச்சம்.

அதனால் கடன் முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் இறங்குகிறது. வண்டியின் மதிப்பு இதற்கு நேர்மாறு. இன்சூரன்ஸில் ஐ.டி.வி. என்பார்கள், வண்டி களவு போனால் அதிகபட்சமாகக் கிடைக்கும் தொகை அதுதான். புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழிப்பார்கள். ஓராண்டு தாண்டினால் 20, ஈராண்டு தாண்டினால் 30. வரிக்கும் பதிவுக்கும் கொடுத்தது கணக்கிலேயே வராது. நம் வண்டி 1,20,000லிருந்து முதல் நாளே 95,000க்கு இறங்கிவிட்டது!

இரண்டு டியூ கட்டியபின் வண்டி காணாமற்போனால் கடன் பாக்கி சுமார் 1,03,600. இன்சூரன்ஸ் பணம் 95,000. அதுவும் முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போகும். மிச்சம் 8,600 ரூபாயை, இல்லாத வண்டிக்காக நாம் கட்ட வேண்டும். ஆறாவது டியூ கட்டிய பிறகுதான் கடன் கோடு மதிப்புக் கோட்டுக்குக் கீழே இறங்குகிறது. ஓராண்டில் பாலிசியைப் புதுப்பிக்கும்போது மதிப்பு 80,000, பாக்கி 79,200. நூலிழை இடைவெளி. ஈராண்டு முடிந்தால் 70,000க்கு எதிரே 43,800, அப்போதுதான் நிம்மதி. முன்பணம் கூடுதலாகக் கட்டினாலோ, ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்ற கூடுதல் பாதுகாப்பை வாங்கினாலோ முதல் மாதங்களின் பள்ளம் மூடும்.

ஒருவரால் தாங்க முடியாத இந்த இழப்பைக் காப்பீடு எப்படித் தாங்குகிறது? கணித அறிஞர் யாக்கோப் பெர்னூலி இறந்தபின் 1713இல் வெளியான அவரது நூலில் இதற்கான அடிப்படை இருக்கிறது. ஆண்டுக்கு நூறில் ஒரு வண்டி களவு போகும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நூறு வண்டி இருந்தால் ஒன்றும் போகாமலிருக்கலாம், மூன்றும் போகலாம், கணிக்கவே முடியாது. பத்தாயிரம் வண்டி என்றால் 100 போகும், ஏறக்குறைய 10 கூடக்குறைய. பத்து லட்சம் வண்டி என்றால் 10,000, கூடக்குறைய வெறும் 100. எந்த வண்டி என்று யாருக்கும் தெரியாது. எத்தனை வண்டி என்பது ஏறக்குறையத் துல்லியமாகத் தெரியும். என்னை எப்போதும் மலைக்க வைப்பது இதுதான்.

இவ்வளவு நுட்பமான ஏற்பாடு முதலாண்டு முடியும் தேதியில் அறுந்துபோகக்கூடும். உச்ச நீதிமன்ற உத்தரவால் 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டிகளுக்கு ஐந்தாண்டு இன்சூரன்ஸ் கட்டாயம். ஆனால் அந்த ஐந்தாண்டு, தேர்டு பார்ட்டிக்கு மட்டுமே. நம் வண்டி மோதி இன்னொருவருக்கு நேரும் பாதிப்புக்கு அது ஈடு தரும். நம் வண்டி தொலைந்தால் ஒரு ரூபாய்கூடத் தராது. சொந்தச் சேதத்துக்கான பகுதியை ஆண்டுதோறும் தனியே புதுப்பிக்க வேண்டும். ஐந்தாண்டுத் தாளை நம்பி இதை விட்டுவிட்டால், பதின்மூன்றாம் மாதத்தில் வண்டி போனதும் எழுபத்தைந்தாயிரத்துக்கு மேல் கடன் மட்டும் மிஞ்சும்.

பண்டல் கட்டுவோர் கட்டாயம் படிக்க வேண்டிய வரி ஒன்றும் பாலிசியில் உண்டு. வாடகைக்கு ஓட்டுவது கூடாது. சாம்பிளும் சொந்தச் சாமானும் தவிர வேறு சரக்கு ஏற்றக்கூடாது என்பதே அது. கூலிக்கு நைட்டிப் பண்டல் ஏற்றிப்போகும்போது விபத்து நடந்தால், இந்த வரியைக் காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. வண்டி வாங்கும் அன்றே என்ன வேலைக்கு என்பதைச் சொல்லி, அதற்கேற்ற பாலிசியை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

விபத்து என்று வந்தால் கடன் கொடுத்தவர் பொறுப்பாவாரா? மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் பிரிவு 2(30), கடனில் உள்ள வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே உரிமையாளர் என்கிறது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் இழப்பீடு முழுவதும் வண்டி வைத்திருப்பவர் தலையில்தான்.

டியூ முடிந்ததும் நிறுவனத்திடம் படிவம் 35, என்.ஓ.சி. வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் உள்ள நிறுவனத்தின் பெயரை நீக்க, அதாவது ஹெச்.பி. கேன்சல் செய்ய வேண்டும். பாலிசியிலும் நிறுவனத்தின் பெயரை எடுக்கச் சொல்ல வேண்டும். எடுக்காமல் விட்டால், கடனே இல்லாத வண்டி களவு போனாலும், இன்சூரன்ஸ் பணத்துக்காக அதே நிறுவனத்தின் கடிதம் கேட்டு அலைய நேரும்.