நீர்மட்டப் பதிவேட்டில் நேர முத்திரை

மழைமானி காட்டும் அளவை எழுதி, பார்த்த நேரத்தை எழுதாது விட்டால் அக்குறிப்பால் பயனில்லை. நம் நாட்டில் மழையளவு எடுக்கும் நேரம் காலை 8.30 மணி என வரையறுக்கப்பட்டிருப்பதாலேயே, ஓர் ஊரின் மழையை மற்றோர் ஊரின் மழையோடு ஒப்பிட முடிகிறது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் காட்டும் மின்னணுக் கருவி பொருத்தும்போதும் இதை மறத்தல் கூடாது.

அக்கருவி தான் கண்ட அளவை எழுத்து எழுத்தாகக் கம்பி வழியே அனுப்புகிறது. அவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் வாயிலுக்குச் 'சீரியல் போர்ட்' என்று பெயர். லினக்ஸில் இயங்கும் சிறு கணிப்பொறி அவற்றை வாங்கிப் பதிவேட்டில் எழுதும். கருவிகள் பலவும் அளவை மட்டுமே அனுப்பும், நேரத்தை அனுப்பா. ஆதலின், அஞ்சலகம் கடிதத்தில் முத்திரையிடுவதுபோல, வாங்கும் கணிப்பொறியே நேர முத்திரை இட வேண்டும்.

அதை எப்பொழுது இடுவது? ஒரு வரி வந்து முடிந்த அக்கணமே இட வேண்டும். வழக்கமான 9600 வேகத்தில் நொடிக்கு 960 எழுத்துகள் வரும். 20 எழுத்துள்ள வரிக்கு நொடியில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே ஆகும். ஆனால், ஒரு நிரல் வாங்கி மற்றொரு நிரல் முத்திரையிடுமாறு அமைத்தால் தீங்கு நேரலாம். முதல் நிரல் 4096 எழுத்துகள் சேரும்வரை காத்திருந்து ஒருசேரக் கொடுப்பதுண்டு. நிமிடத்துக்கு ஒரு வரி வருமாயின், மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட அளவுகள் யாவும் ஒரே நேரத்தைப் பெற்றுவிடும்! எனவே, போர்ட்டைப் படிக்கும் நிரலே முத்திரையிடுதல் நலம்.

அடுத்து, கடிகாரம். ராஸ்பெரி பை என்னும் சிறு கணிப்பொறியின் முதல் நான்கு வகைகளில் மின்சாரம் நின்றபின் ஓடும் கடிகாரம் இல்லை. 2023-ல் வந்த ஐந்தாம் வகையில் கடிகாரம் உண்டு. அதற்குரிய மின்கலத்தைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். இணைய இணைப்பு இருந்தால் நேரம் தானே திருந்தும். இல்லையேல், கடைசியாகக் குறித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும்.

இரவு 2 மணிக்கு நின்ற மின்சாரம் காலை 6 மணிக்கு வருவதாகக் கொள்வோம். 6.30-க்கு முறைப்படி திறந்துவிட்ட நீர், பதிவேட்டில் 2.30-க்குத் திறந்ததாகத் தோன்றும். நள்ளிரவில் ஒரு தெருவுக்கு மட்டும் நீர் விட்டதாகத் தொட்டி இயக்குபவர்மேல் பழி விழும். நேரமில்லாத பதிவு பயனற்றது. தவறான நேரமுள்ள பதிவோ குற்றமற்றவரைக் குற்றவாளியாக்கும்.

இதற்கு மாற்று எளிது. டி.எஸ்.3231 என்னும் கடிகாரச் சில்லு, மின்கலத்துடன் பொருத்தினால், 0 முதல் 40 டிகிரி வெப்பத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு மேல் பிழைக்காது. மேலும், கணிப்பொறி இயங்கத் தொடங்கியதிலிருந்து கழிந்த நொடிகளை லினக்ஸ் தனியே எண்ணி வருகிறது. கடிகாரத்தைத் திருத்தினாலும் அவ்வெண்ணிக்கை மாறாது. அதையும் வரிதோறும் எழுதிவைத்தால், கடிகாரம் திருந்தியபின், அதே இயக்கத்தில் எழுதிய முன் வரிகளின் உண்மை நேரத்தைக் கணக்கிட்டு அறியலாம்.

ஆகவே, கருவி வாங்குமுன் உறுப்பினர்கள் மூன்று கேள்விகள் கேட்பார்களாக: முத்திரையிடுவது எந்த நிரல்? மின்சாரம் நின்றால் கடிகாரம் ஓடுமா? நேரம் திருத்தப்பட்டால் அச்செய்தி பதிவேட்டில் ஏறுமா? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்த பின்னரே அப்பதிவேட்டைக் கிராம சபையில் சான்றாக வைக்கலாம்.