காரைத் தரையோடு அமுக்கும் காற்று

விமானத்தை மேலே தூக்கும் காற்றே பந்தயக் காரைத் தரையோடு அமுக்குகிறது. எப்படி?

விமான இறக்கையைக் கவிழ்த்து வைத்தால் விசையும் கீழ்நோக்கித் திரும்பும். 1978-இல் மரியோ ஆன்ட்ரெட்டி பார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற லோட்டஸ் 79 காரின் இருபக்க அடிப்பாகமும் கவிழ்த்த இறக்கைபோல் வளைந்திருந்தது. அதற்கும் தரைக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் காற்று விரைந்து பாயும்; அங்கே அழுத்தம் குறையும். மேலுள்ள காற்று காரைக் கீழே அமுக்கும். கார் கனக்காமலே சக்கரங்களின் பிடிப்பு கூடும். வளைவுகளில் வேகமாகத் திரும்பலாம்.

பக்கக் காற்று புகாதிருக்க, தரையை உரசும் தடுப்புப் பட்டைகள் பொருத்தினர். ஒரு பட்டை மேலே சிக்கிக்கொண்டால்? காற்று உள்ளே புகும். பிடிப்பு நொடியில் மறையும். கார் வளைவை விட்டு வெளியே பாய்ந்துவிடும்!

ஆகவே 1981-இல் நகரும் பட்டைகள் தடைசெய்யப்பட்டன. 1983 முதல் அடிப்பாகம் தட்டையாக இருக்கவேண்டும் என விதித்தனர். 2022-இல் வளைந்த அடிப்பாகம் திரும்பி வந்தது; உரசும் பட்டைகள் மட்டும் வரவில்லை.