பூசண நஞ்சும் கால்நடைத் தீவனமும்

தோட்டப்புறங்களில் மாடும் கோழியும் வளர்த்துக் குடும்ப வருவாயைப் பெருக்கிக் கொள்வோர் உளர். அவர்கள் வாங்கும் தீவனத்தில் சோளம், தவிடு, புண்ணாக்கு முதலியவை கலந்திருக்கும். வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் இவற்றைப் பூசணம் எளிதில் பற்றிக் கொள்கிறது. பூசணங்களுள் சில கொடிய நஞ்சை உண்டாக்குகின்றன. அவற்றுள் முதன்மையானது அப்ளாடாக்சின்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் 100,000க்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. பிரேசிலிலிருந்து தருவிக்கப்பட்ட கடலைப் புண்ணாக்கில் இருந்த நஞ்சே காரணமெனப் பின்னர் கண்டறியப்பட்டது. இந்நஞ்சு கல்லீரலைக் கெடுக்கிறது. பசு இதனை உட்கொண்டால் ஒரு பகுதி உருமாறிப் பாலில் இறங்குகிறது. அப்பாலைக் காய்ச்சினாலும் நஞ்சு அழிவதில்லை. எனவே, மாட்டுக்கு வரும் கேடு பால் அருந்தும் குழந்தையையும் தொடரக்கூடும்.

இத்தீங்கைக் குறைக்கத் தீவனத்தில் சில காப்புப் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. பென்டோனைட் என்னும் களிமண் வகை அவற்றுள் ஒன்று. இது மிக நுண்ணிய அடுக்குகளால் ஆனது. தீவனம் குடலில் செரிக்கும்போது அப்ளாடாக்சின் இவ்வடுக்குகளுக்கிடையே ஒட்டிக்கொள்கிறது. அதன் பெரும்பகுதி இரத்தத்தில் கலவாமல் சாணத்தோடு வெளியேறிவிடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் இதற்கு அனுமதியளித்தபோது, 1 கிலோ தீவனத்திற்கு 20 கிராமுக்கு மேற்படக் கூடாதென வரையறுத்தது. களிமண் சில மருந்துகளின் பயனையும் தடுத்துவிடும் என்பதால், மருந்து கொடுக்கும் காலத்தில் கால்நடை மருத்துவரைக் கலந்தே இதனைச் சேர்த்தல் வேண்டும்.

எல்லா நஞ்சுகளும் களிமண்ணுக்குக் கட்டுப்படுவதில்லை. பன்றிகளின் நுரையீரலைத் தாக்கும் பியூமோனிசின் போன்றவற்றைக் குடலிலேயே சிதைப்பதற்குத் தனி நொதிப்பொருள்கள் உள்ளன.

ஆற்றங்கரை மண்ணை அள்ளித் தீவனத்தில் கலப்பது பெருந்தவறு. 1997இல் அமெரிக்காவில் தீவனத்தில் சேர்க்கப்பட்ட ஒருவகைக் களிமண்ணில் டையாக்சின் என்னும் நச்சுப்பொருள் இருந்தமை கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே, சோதித்து அங்கீகரிக்கப்பட்ட பொருளையே வாங்க வேண்டும்.

காப்புப் பொருள் இருக்கிறதென்று கெட்டுப்போன தீவனத்தைப் போடலாகாது. மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாது அடுக்குக. மழைச்சாரல் படாமல் காத்திடுக. பழைய மூட்டையை முதலில் பயன்படுத்துக. கட்டிதட்டி முடைநாற்றம் வீசும் தீவனத்தைத் தயங்காது ஒதுக்குக. ஒரு மூட்டையின் இழப்பு சிறிது. கறவைப் பசுவின் இழப்போ பெரிது.