பிளாஸ்டிக் குப்பையும் எருக்குவியலில் கிடைத்த நொதியும்

திருச்சிராப்பள்ளிப் பொன்மலையின் ரெயில்வே பட்டறையை அறியாதார் இலர். அப்பகுதியை அடுத்துள்ள அரியமங்கலத்தில், ஏறத்தாழ 47 ஏக்கர் பரப்பில், நகரத்தின் குப்பை பல்லாண்டுக் காலம் மலைபோற் குவிக்கப்பட்டு வந்தது. அது அவ்வப்போது தீப்பற்றி எரிய, அருகில் வாழ்வோர் புகையால் அல்லலுற்றனர். பின்னர், பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. இவ்வாறு சலிக்குங்கால் மக்கியவை மண்ணாக உதிரும். பிளாஸ்டிக் பைகளோ பைகளாகவே எஞ்சும்.

நம் கிராமத்து எருக்குழிகளிலும் இதே நிலைதான். எருவோடு வயலுக்குச் சென்ற பை, நீர் இறங்குவதையும் வேர் ஓடுவதையும் தடுக்கிறது. மாடு விழுங்கிவிட்டாலோ, அது வயிற்றிலேயே தங்கி மாட்டின் உயிருக்கே உலை வைக்கும்.

‘பிளாஸ்டிக்கைத் தின்னும் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே, அதைக் குப்பைமேட்டில் தூவினாலென்ன?’ என்று பஞ்சாயத்து உறுப்பினர்கள் கேட்கக்கூடும். செய்தி மெய்யே, ஆயினும் தூவுவதற்குரிய பொருளன்று அது.

கேழ்வரகை முளைக்கட்டினால் அதில் இனிப்பு ஏறுகிறதன்றோ? தானியத்திலுள்ள நொதி, மாவுப்பொருளை வெட்டிச் சர்க்கரையாக்குவதே அதற்குக் காரணம். அவ்வாறே, தண்ணீர்ப் புட்டிகள் செய்யப்படும் ‘பெட்’ என்னும் பிளாஸ்டிக்கை வெட்டும் நொதிகளும் உண்டு. ஜப்பானில் சகாய் என்னுமிடத்தில் கிடைத்த நுண்ணுயிர் ஒன்று, மெல்லிய பெட் தகட்டை ஆறு வாரங்களில் ஏறக்குறையத் தின்று தீர்த்ததென 2016-இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அதற்கு முன்பே, 2012-இல், அந்நாட்டுப் பூங்கா ஒன்றின் இலைதழை எருக்குவியலிலிருந்து வேறொரு நொதியைக் கண்டறிந்திருந்தனர். எருக்குவியலின் உட்புறம் எத்துணைச் சூடேறும் என்பதை நம் குடியானவர்கள் அறிவர். அங்கே பிறந்த நொதியாதலின் அது வெப்பத்தைத் தாங்குவதாயிற்று. பிரெஞ்சு விஞ்ஞானிகள் அதனை மேலும் திருத்தி, 72 டிகிரி வெப்பத்தில் பத்து மணி நேரத்தில் பெட் பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு 90 பங்கை மூலப்பொருளாகப் பிரித்ததை 2020-இல் வெளியிட்டனர். அம்மூலப்பொருளிலிருந்து மீண்டும் புதிய புட்டி செய்யலாம். ஆனால், பிளாஸ்டிக்கை முன்னதாகவே பக்குவப்படுத்தி அரைத்து, ஆலைக் கலத்தில் இட்டாலன்றி இது நடவாது.

கடைப்பை பாலிதீனால் ஆனது. அந்நொதி வெட்டுதற்குரிய கணு அதில் இல்லை. அதற்கு வேறு வழியுண்டு. காற்றுப் புகாத கலனில் கடுஞ்சூடேற்றி, வினையூக்கி என்னும் துணைப்பொருளைச் சேர்த்தால் அது எண்ணெயாகும். டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகத்தில், நாளொன்றுக்கு 1 டன் பிளாஸ்டிக்கை டீசலாக்கும் ஆலை 2019-இல் தொடங்கப்பெற்றது. மண்ணும் ஈரமும் கலந்தால் வேலை கெடும். பி.வி.சி. குழாய்த் துண்டுகள் கலந்தால் அமில ஆவி எழுந்து கலனையே அரிக்கும்.

ஆகவே, எந்த ஆலைக்கு அனுப்புவதாயினும் பிரித்த குப்பையே வேண்டும். புட்டிகள் ஒரு சாக்கு, உலர்ந்த பைகள் ஒரு சாக்கு, குழாய்த் துண்டுகள் தனியே; இவற்றை வைக்க மழை படாத கொட்டகை ஒன்று. தூய்மைக் காவலர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து பெற்றபின் பிரிப்பது பெரும்பாடு. வீட்டு வாசலிலேயே பிரித்துக் கொடுப்பது எளிது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருப்பதையும் கடைக்காரர்களுக்கு நினைவூட்டுதல் வேண்டும்.

பிளாஸ்டிக்கை மக்கச் செய்யும் பொடி என்று எவரேனும் விற்க வந்தால், எவ்வகைப் பிளாஸ்டிக்கை, எத்தனை டிகிரி வெப்பத்தில், எத்தனை நாளில் என்று கேட்டறிந்த பின்னரே பஞ்சாயத்துப் பணத்தை எடுப்பீர்களாக.