ஸ்டென்சில் வெட்டுவோம், சாயம் தெளிப்போம்



அட்டையில் எழுத்தையோ படத்தையோ வெட்டி எடுத்து, அந்த அட்டையைச் சுவரில் வைத்துச் சாயம் தெளித்தால், வெட்டிய இடம் மட்டும் பதியும். இதைத்தான் ஸ்டென்சில் என்கிறோம். எளிய வேலைதான். ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதை அறிந்துகொண்டால், வீட்டில் ஓர் உயிரைக் காக்கும் காரியத்திற்கும் இது உதவும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்டென்சில் நமக்குப் புதியதல்ல. புகை போட்ட ரப்பர் ஷீட்டுகளைச் சிப்பமாகக் கட்டி, வெள்ளைப் பூச்சுப் பூசி, தோட்டத்தின் குறியையும் ரப்பரின் தரத்தையும் துளைத்தகடு வைத்துப் பதித்து அனுப்பிய காலம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளியில் பரீட்சைத் தாள்களைச் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் அடித்ததும் மெழுகுத்தாள் ஸ்டென்சில் கொண்டுதான். வாசலில் மாவைத் தூவிக் கோலம் பதிக்கும் துளைத்தட்டும் இதே இனம்தான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் வியப்பாக இருக்கும். நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், மாரோஸ் பகுதிக் குகைகளில், பாறைமேல் கையை வைத்துச் சுற்றிலும் சாயம் தெளித்த பதிவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்குக் குறைந்தது 39,900 ஆண்டு வயது என்று 2014-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். அங்கே கைதான் ஸ்டென்சில். இன்று நாம் கடையில் வாங்கும் தெளிப்புச் சாய டின், அமெரிக்காவில் எட்வர்ட் சீமோர் என்பவர் 1949-இல் உருவாக்கியது.

சரி, அந்த நுட்பம் என்ன? ஸ்டென்சிலில் எதை வெட்டுகிறோம் என்பதைவிட, எதை வெட்டாமல் விடுகிறோம் என்பதே முக்கியம். பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை அட்டையில் வரைந்து, வளையத்தைச் சுற்றி வெட்டினால் என்ன ஆகும்? நடுவில் இருக்கும் முட்டை வடிவத் துண்டும் கீழே விழுந்துவிடும். சாயம் தெளித்தால் பூஜ்யம் வராது. ஒரு முழு முட்டைதான் வரும். நான்கு பக்கமும் வெட்டப்பட்டுத் தனியாக நிற்கும் இப்படிப்பட்ட துண்டைத் தீவு என்று வைத்துக்கொள்வோம். தீவு விழாமல் இருக்க, அதைக் கரையோடு இணைக்கும் மெல்லிய அட்டைப் பாலம் வேண்டும். பூஜ்யத்தின் மேலும் கீழும் ஒவ்வொரு பாலம் விட்டால் போதும்.

லயத்து வீடுகளுக்கு எண் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 1, 2, 3, 5, 7 ஆகிய எண்களில் தீவு இல்லை, அப்படியே வெட்டலாம். 0, 6, 9 ஆகியவற்றில் ஒரு தீவு உண்டு. அச்சில் உள்ளபடி எழுதினால் 4-லும் ஒன்று உண்டு. 8-இல் இரண்டு. தமிழ் எழுத்தில் ட, ப, ய மூன்றும் திறந்த எழுத்துகள், தொல்லை இல்லை. க, ச, த, வ போன்றவற்றில் சுழி மூடிக்கொள்வதால் பாலம் தேவை. வெட்டும் முன் பென்சிலால் ஒவ்வொரு தீவையும் அடையாளமிட்டு, பாலத்தையும் வரைந்துகொள்ளுங்கள். ஒரு சாண் உயர எழுத்துக்குப் பாலம் அரை சென்டிமீட்டர் அகலம் இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் இரண்டாம் முறை பயன்படுத்தும்போதே அறுந்துவிடும்.

ஜப்பானியர் துணிக்குச் சாயமிட வெட்டிய தாள் ஸ்டென்சில்களில், மெல்லிய பட்டு நூலைக் குறுக்கே ஒட்டித் தீவுகளைப் பிடித்து நிறுத்தினார்கள். நம் கோலத்தட்டோ இன்னும் எளிய வழியைக் காட்டுகிறது. கோடு முழுவதையும் புள்ளி புள்ளியாகத் துளைத்துவிட்டால், துளைக்குத் துளை பாலம் தானாகவே அமைந்துவிடுகிறது.

இனி வெட்டும் முறையைப் பார்ப்போம். ஒரு முறைக்கு மணிலா அட்டை போதும். பலமுறை பயன்படுத்த வேண்டுமானால் பழைய பிளாஸ்டிக் கோப்பு உறை நல்லது. அடியில் கண்ணாடித் துண்டோ தடித்த பலகையோ வைத்துக்கொள்ளுங்கள். கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்தியை அழுத்தும்போதுதான் வழுக்கிக் கையை வெட்டும். சிறிய துளைகளை முதலில் வெட்டுங்கள், பெரியவற்றைக் கடைசியில் வெட்டுங்கள். பெரியதை முதலில் எடுத்துவிட்டால் அட்டை தளர்ந்துபோகும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் அட்டையைத் திருப்புங்கள். கத்தி வேலையைப் பெரியவர்கள் செய்யட்டும். பிள்ளைகள் வரைந்து கொடுக்கட்டும்.

அடுத்தது தெளிப்பது. சுவர் காய்ந்திருக்க வேண்டும். தூசி இருக்கக் கூடாது. ஸ்டென்சிலை ஒட்டுநாடாவால் நான்கு பக்கமும் ஒட்டி, சுற்றிலும் பழைய செய்தித்தாளை மறைப்பாக வையுங்கள். டின்னுக்குள் குண்டு உருளும் ஓசை கேட்கத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிடம் குலுக்குங்கள். ஓர் அடி தூரத்தில், சுவருக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் சாயம் அட்டைக்கு அடியில் புகுந்துவிடும். கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே தெளியுங்கள்.

பலரும் ஒரே பூச்சில் முடிக்கப் பார்க்கிறார்கள். எழுத்தின் ஓரம் கசிந்து அசிங்கமாவது அதனால்தான். ஈரச்சாயம் அதிகமானால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல, அட்டைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சிறு இடுக்கு அதை உள்ளே இழுத்துவிடும். ஆகவே முதல் பூச்சு வெறும் பனி படிந்ததுபோல் இருக்கட்டும். சில நிமிடம் விட்டு இரண்டாவது, பிறகு மூன்றாவது. தெளிப்பு டின் வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். சாதாரணச் சாயத்தில் பஞ்சைத் தொட்டு, தாளில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, துளைமேல் மெல்லத் தட்டினாலும் அழகாகப் பதியும். செலவும் குறைவு.

ஓர் எச்சரிக்கை. டின்னுக்குள் சாயத்தைத் தள்ளும் வாயு, பெரும்பாலும் நம் சமையல் வாயுவின் இனம். எளிதில் தீப்பற்றும். அடுப்பு, சாமி விளக்கு, சுருட்டு எதுவும் அருகில் இருக்கக் கூடாது. திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று தெளியுங்கள். மூக்கில் கட்டும் கைத்துணி ஆவியைத் தடுக்காது. காலி டின்னைக் குத்தவும் கூடாது, நெருப்பில் போடவும் கூடாது.

இப்போது நான் முதலில் சொன்ன காரியத்திற்கு வருகிறேன். களைக்கொல்லியையும் பூச்சிக்கொல்லியையும் நாம் என்னவென்று சொல்கிறோம்? 'மருந்து' என்கிறோம். 'மருந்தடிக்கப் போகிறேன்' என்கிறோம். காய்ச்சலுக்கு அம்மா கொடுப்பதும் மருந்து, முதுகில் சுமந்து அடிப்பதும் மருந்து என்றால், நான்கு வயதுப் பிள்ளைக்கு வேறுபாடு எப்படித் தெரியும்? அதைக் குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தால் கேட்கவே வேண்டாம். பாராகுவாட் என்னும் களைக்கொல்லிக்கு முறிவு மருந்தே கிடையாது. ஒரு மிடறு உயிரைக் குடித்துவிடும். 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதற்காக மற்றவை பாலும் தேனும் ஆகிவிடவில்லை.

ஆகவே நஞ்சு வைக்கும் பெட்டியின் கதவிலும், அதைக் கலக்கும் வாளியிலும், அளக்கும் குவளையிலும் மண்டை ஓட்டுக் குறியைப் பதியுங்கள். அந்த வாளி தெரியாமல் சமையல் பக்கம் வந்துவிடக் கூடாது அல்லவா? மண்டை ஓட்டில் கண்கள் தீவு ஆயிற்றே என்று கேட்பீர்கள். இரண்டு ஸ்டென்சில் வெட்டுங்கள். முதலாவதில் மண்டையின் வெளி வடிவம் மட்டும். அதை மஞ்சளில் பதித்து நன்றாகக் காயவிடுங்கள். இரண்டாவதில் கண், மூக்கு, பல் ஆகியவை துளைகள். அதை மேலே வைத்துக் கறுப்பில் பதியுங்கள். பாலமே தேவையில்லை. கீழே மலாயில் 'ராச்சுன்' என்று ரோமன் எழுத்தில் எழுதுங்கள். அந்த ஐந்து எழுத்தில் முதல் இரண்டுக்கு மட்டுமே பாலம் வேண்டும். பிளாஸ்டிக் வாளியில் சாயம் எளிதில் உரியும். முதலில் மணல்தாளால் தேயுங்கள், உரிந்தால் மீண்டும் பதியுங்கள். மருந்துப் போத்தலில் ஏற்கெனவே உள்ள விவரச் சீட்டின்மேல் மட்டும் தெளித்துவிடாதீர்கள். மருத்துவருக்கு அதுதான் வழிகாட்டி.

குறி ஒன்றே போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம். பூட்டும், எட்டாத உயரமும் கட்டாயம் வேண்டும். படத்தைக் காட்டி, 'இது மருந்து அல்ல, நஞ்சு' என்று பிள்ளைகளுக்கு வாய்விட்டும் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு முறை வெட்டிய ஸ்டென்சில் லயம் முழுவதற்கும் போதும். உங்கள் வீட்டில் பதித்து முடித்ததும், காயவைத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.