தோல் வறட்சியும் கரப்பானும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் பல வீடுகளில் ஒருவர் நிலத்திலும் மற்றொருவர் தொழிற்சாலையிலும் பாடுபடுகிறார்கள். நாற்று நடும் சேற்றுநீரும் சரி, இயந்திர எண்ணெயைப் போக்கும் துணி சோப்பும் சரி, தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை எடுத்துவிடுகின்றன. பசை போன தோலில் ஈரம் நிற்பதில்லை. முதலில் வெடிப்பும் அரிப்பும், பின்னர் எக்சிமா என்னும் கரப்பானும் தோன்றுகின்றன. கையிலுள்ள கிரீசைப் போக்க மண்ணெண்ணெயோ டீசலோ பயன்படுத்துவது இன்னும் கேடு.

பாசனத்திற்குப்பின் மூடாக்கு இட்டால் மண்ணின் ஈரம் காக்கப்படுகிறதல்லவா? களிம்பின் வேலையும் அதுவே. அது ஈரத்தைத் தருவதைவிட, இருக்கும் ஈரம் போகாமல் காக்கிறது. ஆகவே கைகால் கழுவி, துணியால் ஒற்றி, ஈரப்பதம் இருக்கும்போதே தடவுதல் வேண்டும். நன்கு காய்ந்தபின் தடவினால் பயன் குறைவு. விலையுயர்ந்த கிரீம் அவசியமில்லை; மணம் சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி போதும். தூய தேங்காயெண்ணெயும் உதவும். தினம் இருமுறையாவது தாராளமாகத் தடவுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்திவிடக் கூடாது.

எவ்வளவு தடவியும் அடங்காத அரிப்பு முகம், இமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் மட்டும் வந்தால் பார்த்தீனியத்தைச் சந்தேகியுங்கள். 1950களில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்ட இக்களை, இன்று சாகுபடி நின்ற மனைகளிலும் சாலையோரங்களிலும் மண்டிக் கிடக்கிறது. இதிலுள்ள பார்த்தீனின் என்னும் பொருள், காய்ந்த செடித் துகளோடு காற்றில் வந்து தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகிறது. மூடாக்கு இட்டும் களை நின்றால் என்ன பயன்?

பூக்கும் முன்பே, மண் ஈரமாயிருக்கும்போது, கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து வேரோடு பிடுங்குங்கள். பயிரில்லாத இடத்தில் லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துச் செடி நன்கு நனையும்படி தெளிக்கலாம். வயலில் தெளிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அரிப்பு உள்ளவர் இவ்வேலைக்குப் போகாதிருப்பதே நல்லது.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். படர்தாமரையில் தடவினால் அது மறைந்ததுபோல் தோன்றிப் பின் பரவும். தோலில் நீர் கசிந்தாலோ சீழ் பிடித்தாலோ அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது, அதுவரை தடவிய டியூப்பையும் எடுத்துச் செல்லுங்கள்.